கேலரிக்கு எத்தனை இடம் விடப்போகிறீர்கள்?

கோவை ஒண்டிப்புதூரில் கிரிக்கெட் ஸ்டேடியம் கட்டத் திட்டமிட்டிருக்கும் தமிழ்நாடு அரசின் விளையாட்டுத் துறைக்கும், பாலக்காடு அகத்தேத்தறையில் மைதானம் அமைக்கும் கேரள கிரிக்கெட் சங்கத்துக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். தேங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஊர் இருப்பது கேரளத்தில், வீட்டில் பேசுவது தமிழ். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் பாலக்காடு பஸ் வரும், எதிர்ப்பக்கம் நின்றால் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் பஸ் வரும். கோவையில் எங்களைக் கேரளாக்காரன் என்பார்கள், பாலக்காட்டில் பாண்டிக்காரன் என்பார்கள். இரண்டும் பழகிவிட்டது. அதனால்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மடல். தமிழில் எழுதிக் கேரளத்துக்கு அனுப்பலாமா என்று மண்டியில் ஒருவர் கேட்டார். 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழர்கள் அரசுக்குத் தமிழில் எழுதலாம் என்று இருக்கிறது. கிரிக்கெட் சங்கம் அரசு இல்லைதான். ஆனாலும் படித்துச் சொல்ல ஓர் ஆள் கிடைக்காமலா போய்விடும்.

ஒண்டிப்புதூர் அறிவிப்பு 2024 தேர்தல் நேரத்தில் வந்தது. திறந்தவெளிச் சிறை இருக்கும் நிலத்தில் சுமார் 20 ஏக்கர். அகத்தேத்தறையில் சாத்தன்குளங்கரை தேவி கோயில் நிலம் 21 ஏக்கர், 33 வருடக் குத்தகை, 30 கோடி ரூபாய்த் திட்டம் என்று செய்தியில் படித்தேன். ஒன்று அரசு நிலம், மற்றொன்று கோயில் நிலம். இரண்டு செய்தியையும் படித்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். நல்ல கிரிக்கெட் பார்க்க நாங்கள் சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ ராத்திரி ரயில் ஏற வேண்டியிருக்கிறது. வீட்டில் சோறு சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்துத் திரும்பும் தூரத்தில் இரண்டு மைதானம் வரப்போகிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அப்புறம்தான் ஒரு பயம் வந்தது: கேலரி, அதாவது எங்களைப் போன்றவர்கள் உட்காரும் மலிவான படிக்கட்டு இடம், அங்கே இருக்குமா என்று. அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய ஊர் ஸ்டேடியத்துக்கு ஐபிஎல் பார்க்கப் போனேன். எந்த ஊர் என்பது வேண்டாம், இப்போது பல இடங்களில் இதே கதைதான். டிக்கெட் செல்போனில் மட்டும்தான், கவுன்டர் கிடையாது. காலையிலேயே மண்டி வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தோம். திரையில் 'உங்களுக்கு முன்னால் 1,32,000 பேர்' என்று வந்தது. மகன் சிரித்தான். நம்ம தாலுகாவே வரிசையில் நிற்கிறதா என்றான். எங்கள் முறை வந்தபோது அடிமட்ட டிக்கெட் தீர்ந்துவிட்டது. அதற்கு அடுத்தது 1,800 ரூபாய். இரண்டு பேருக்கு 3,600. அதன்மேல் 'வசதிக் கட்டணம்' 180. வரிசையில் நின்றவன் நான், வசதி யாருக்கு என்று இன்றுவரை விளங்கவில்லை.

மற்றதையும் எழுதியே பழக்கம், அதனால் எழுதுகிறேன். போகவர 900, ஸ்டேடியத்துக்குள் தின்றது குடித்தது 420, ஆட்டம் முடிந்து ராத்திரிச் சாப்பாடு 200. ஆக மொத்தம் 5,300. எனக்கு நாள் சம்பளம் 700. கிட்டத்தட்ட எட்டு நாள் கூலி, ஒரு மூன்றரை மணி நேர ஆட்டத்துக்கு. விலையை ரூபாயில் சொன்னால் அதிகமா குறைவா என்று ஆளுக்கு ஆள் பேசலாம். நாள் கணக்கில் சொன்னால் மண்டியில் யாரும் வாதாட மாட்டார்கள்.

வாசலில் எங்கள் தண்ணீர் பாட்டிலை வாங்கி ஒரு நீல டிரம்மில் போட்டார்கள். டிரம் ஏற்கெனவே நிரம்பி, பக்கத்தில் தரையெல்லாம் பாட்டில். உள்ளே போனதும் அதே தண்ணீரை விலைக்கு வாங்கினோம். இடம் கடைசிக்கு மூன்றாவது வரிசை. குறை சொல்லவில்லை, காற்று நன்றாக வந்தது. வலப்பக்கம் ஸ்டாண்ட் வளையும் இடத்தில் கண்ணாடி அறைகள் இரண்டு அடுக்காக இருந்தன. ஆட்டம் பார்க்க அதைவிட நல்ல இடம் அந்த ஸ்டேடியத்தில் கிடையாது. ஓர் அறைக்குள் ஏழு பேர். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்தபடி இருந்தார். ஐந்து பேர் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு சிக்ஸர் போனது, கூட்டம் எழுந்து கத்தியது, அப்போதுதான் ஒருவர் திரும்பிப் பார்த்தார். என் மகன் ஆட்டத்தை விட்டுவிட்டு அந்த அறையையே எண்ணிக்கொண்டிருந்தான். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று ஓவருக்கு ஓவர் எனக்குச் சொன்னான். கடைசிவரை இரண்டைத் தாண்டவில்லை.

பாக்ஸ் என்று சொல்லும் அந்தக் கண்ணாடி அறைகளில் இருப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் காசு கொடுத்தார்கள், உட்கார்ந்தார்கள். வரைபடம் போடும்போது நல்ல இடம் யாருக்கு என்று ஒருவர் முடிவு செய்திருப்பார் இல்லையா, அவரிடம்தான் பேச வேண்டும். அதனால்தான் கட்டி முடித்த ஸ்டேடியக்காரர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

திருவனந்தபுரம் காரியவட்டம் ஸ்டேடியத்தில் நடந்தது கேரள கிரிக்கெட் சங்கத்துக்கு மறந்திருக்காது. 2023 ஜனவரி 15, இலங்கையுடன் ஒருநாள் ஆட்டம். மேல் அடுக்கு 1,000, கீழ் அடுக்கு 2,000. அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. முந்தைய ஆட்டத்துக்கு 5 சதவீதமாக இருந்த கேளிக்கை வரி இதற்கு 12 சதவீதம். வரி ஏன் என்று கேட்டதற்கு, பட்டினி கிடப்பவர்கள் ஆட்டம் பார்க்கப் போக வேண்டியதில்லை என்ற பொருளில் அப்போதைய விளையாட்டுத் துறை அமைச்சர் பேச, அது பெரிய விவகாரமானது. அன்று கோலி 166 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். கில் சதம். இலங்கை 73-க்குச் சுருண்டது. 317 ரன் வித்தியாசம், ஒருநாள் கிரிக்கெட்டில் அன்றைக்கு அதுதான் உலக சாதனை. ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் உட்காரும் இடத்தில் டிவி கேமரா எங்கே திரும்பினாலும் காலி நாற்காலி. கோலி சதம் அடித்து மட்டையைத் தூக்குகிறார், எதிரே நாற்காலிகள்தான் இருக்கின்றன. மலையாளிக்குக் கிரிக்கெட் பிடிக்காது என்று அதற்குக் காரணம் சொன்னவர்களும் உண்டு. சரி, பிடிக்காதவர்களுக்கா இன்னும் மைதானம் கட்டுகிறீர்கள்?

கணக்குப் பிள்ளை என்ற முறையில் விலை எப்படி ஏறுகிறது என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஃப்ளட்லைட் வேண்டும், மழை நின்ற அரை மணியில் ஆட்டம் தொடங்க மண்ணுக்கடியில் வடிகால் வேண்டும், வீரர்களுக்கு அறை, டிவிக்காரர்களுக்கு மேடை, கார் நிறுத்த இடம். இத்தனைக்கும் கடன் வாங்குவீர்கள், அல்லது தனியார் பங்குதாரரைச் சேர்ப்பீர்கள். அவர் போட்ட காசை எடுக்க வேண்டும். பெரிய ஆட்டம் வருடத்துக்கு எத்தனை வரும்? கையில் எண்ணிவிடலாம். அந்தச் சில நாளில் வட்டியும் முதலும் எடுக்க வேண்டுமென்றால் ஒரே வழி, நாற்காலியைக் குறைத்து ஒவ்வொரு நாற்காலியின் விலையையும் கூட்டுவதுதான். நூறு பேர் உட்காரும் படிக்கட்டை இடித்துவிட்டுப் பத்துப் பேருக்குச் சோபா போட்டால் வரும்படி கூடும். கெட்ட எண்ணம் எதுவும் வேண்டியதில்லை, கடன் பத்திரம் ஒன்று போதும்.

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பஃபலோ என்ற ஊரில் அவர்களுடைய ஃபுட்பால் அணிக்கு 2026-இல் திறப்பதாகப் புது ஸ்டேடியம் எழுப்பினார்கள். மாநில அரசு 60 கோடி டாலர், மாவட்ட நிர்வாகம் 25 கோடி டாலர், எல்லாம் வரிப்பணம். பழைய ஸ்டேடியத்தில் 71,000 பேருக்கு மேல் உட்காரலாம், புதியதில் சுமார் 62,000 தான். சீசன் டிக்கெட் வேண்டுமென்றால் அந்த நாற்காலிக்கு முதலில் 'உரிமம்' வாங்க வேண்டும், 500 டாலரில் தொடங்கி 50,000 வரை. உரிமம் வாங்கிய பிறகு டிக்கெட்டுக்குத் தனியாகக் காசு. கல்யாண மண்டபத்தில் இலைக்கு முன்னால் உட்கார ஒரு காசு, சோறு போட ஒரு காசு என்று கேட்டால் நம் ஊரில் என்ன நடக்கும்?

எங்கள் பக்கம் ஃபுட்பால் பைத்தியம் அதிகம், பாதிச் சுவர் அர்ஜென்டினா, மீதிச் சுவர் பிரேசில். அதனால் மரக்கானா ஸ்டேடியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரேசிலில் ரியோ நகரத்தில் 1950 ஃபுட்பால் உலகக் கோப்பைக்குக் கட்டியது. மைதானத்தை ஒட்டித் தரைமட்டத்தில் 'ஜெரால்' என்று ஒரு பகுதி வைத்திருந்தார்கள். நாற்காலி கிடையாது, நின்றுதான் பார்க்க வேண்டும், பார்வையும் சுமார். ஆனால் விலை மிகக் குறைவு, அதனால் ஊரில் காசில்லாதவர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். வேஷம் கட்டிக்கொண்டு வருவார்கள், டிவிக்காரர்கள் கோல் விழுந்தால் அவர்களைத்தான் காட்டுவார்கள். 2005-இல் அதை எடுத்துவிட்டு நாற்காலி போட்டார்கள். பாதுகாப்பு, வசதி என்று சொன்ன காரணங்கள் எல்லாம் நியாயம்தான். ஆனால் ஜெராலில் நின்றவர்கள் எங்கே போனார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1950 இறுதி ஆட்டத்தை இரண்டு லட்சத்தை நெருங்கும் கூட்டம் பார்த்த ஸ்டேடியத்தில் இன்று 80,000 பேருக்குக்கூட இடமில்லை.

பாதுகாப்பு என்றதும் நீங்கள் எங்களைத் திருப்பிக் கேட்பீர்கள் என்று தெரியும். கேட்க வேண்டியதுதான். நானே கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஊரில் அறுப்பு முடிந்த வயலில் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால், நடத்துகிறோம். கணக்கு என் பொறுப்பு. கேலரி 60 ரூபாய், எல்லைக் கோட்டை ஒட்டி நாற்காலி 100. கேலரி கட்ட மலப்புறத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். கமுகு மரத்தைக் குழியில் இறக்கி, குறுக்கே மூங்கில் வைத்து, கயிறும் கம்பியும் போட்டு முறுக்குவார்கள். மூன்று நாளில் வெறும் வயலில் ஆயிரம் பேர் உட்காரும் படிக்கட்டு எழுந்துவிடும். அணிக்கு ஆட வந்த நைஜீரியாக்காரர் பந்தை எடுத்து ஓடினால் காலடியில் மூங்கில் மொத்தமும் ஒருமுறை அசைந்து நிற்கும். அந்த அசைவு எங்களுக்குச் சுகம். அதில்தான் ஆபத்தும் இருக்கிறது.

தனராஜன் என்ற பாலக்காட்டு ஆட்டக்காரர், கொல்கத்தாவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று பெரிய கிளப்புகளுக்கு ஆடியவர், 2019 டிசம்பர் 29 அன்று பெரிந்தல்மண்ணயில் செவன்ஸ் ஆடும்போதே மைதானத்தில் விழுந்து இறந்தார். அவர் குடும்பத்துக்கு நிதி திரட்ட 2020 ஜனவரி 19 அன்று பாலக்காடு நூரணியில் ஓர் ஆட்டம் வைத்தார்கள். இந்திய ஃபுட்பால் அணிக்குக் கேப்டனாக இருந்த ஐ.எம். விஜயனும் பூட்டியாவும் வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே தற்காலிகக் கேலரி சரிந்தது. ஐம்பது பேர் அளவில் காயம். எங்கள் ஊர்ப் பையன்கள் நான்கு பேர் அன்று அங்கே இருந்தார்கள், ஒருவனுக்குக் கால் முறிந்தது. அடுத்த வருடத்திலிருந்து இன்ஜினீயர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எங்கள் கேலரியில் யாரையும் ஏற்றுவதில்லை. அதற்கும் செலவுதான், கொடுக்கிறோம்.

ஆகவே மலிவான இடம் என்றால் மூங்கிலில் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. சிமென்டில் கட்டுங்கள், நன்றாகக் கட்டுங்கள். கோவை நேரு ஸ்டேடியத்துச் சிமென்டுப் படி போதும் எங்களுக்கு. 2019 மார்ச்சில் சென்னை சிட்டி ஃபுட்பால் அணி அங்கேதான் ஐ-லீக் கோப்பையை வென்றது. முதலில் ஒரு கோல் வாங்கி, பிறகு 3-1. நாங்கள் வேலந்தாவளம் பஸ்ஸில் போனோம், படியில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தோம். பின்பக்கம் சுட்டதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

விஜயன் பெயர் வந்ததால் இன்னொன்று. அவர் சிறுவனாக இருக்கும்போது திருச்சூர் முனிசிபல் ஸ்டேடியத்தில் சோடா விற்றவர். ஒரு பாட்டிலுக்குப் பத்துப் பைசா கிடைத்ததாம். சோடா விற்கும் சாக்கில் ஆட்டம் பார்த்து வளர்ந்த பையன் இந்திய அணிக்குக் கேப்டன் ஆனார், 2025-இல் பத்மஸ்ரீ வாங்கினார். இன்றைய ஸ்டேடியத்தில் அந்தப் பையனை எந்த கேட்டில் விடுவார்கள்? என் மகனுடைய தண்ணீர் பாட்டிலையே விடவில்லை.

சரி, கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். பாக்ஸே கட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. தாராளமாகக் கட்டுங்கள், அவர்கள் காசில் எங்கள் தலைக்கு மேல் கூரை வரட்டும். ஆனால் வரைபடத்தில் முதலில் கேலரியைப் போடுங்கள். நான்கில் ஒரு பங்கு இடம். கூரைக்கு அடியில் கடைசி வரிசைகளைச் சேர்த்துக் கணக்குக் காட்ட வேண்டாம், ஒரு பக்கம் முழுவதும், கீழிருந்து மேல்வரை. அதை விலைப் பட்டியலில் மட்டும் எழுதினால் போதாது, விலைப் பட்டியல் வருடா வருடம் மாறும். குத்தகைப் பத்திரத்திலும் பங்குதாரரோடு போடும் ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். எத்தனை இடம், அதிகபட்சம் என்ன விலை, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எவ்வளவு ஏற்றலாம் என்று. நிலம் மக்களுடையது, கோயிலுடையது. நிலம் கொடுப்பவர் நிபந்தனை போடுவது ஊர் வழக்கம்தானே. தோப்பைக் குத்தகைக்கு விடுகிறவர்கூட வீட்டுக்கு மாதம் இத்தனை தேங்காய் என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்.

விலைக்கு ஒரு யோசனை. ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பரில் 40 ஆகிவிட்டது. அதில் உங்கள் கை எட்டாது, விடுங்கள். ஆனால் ஐபிஎல் மாதிரியானவை போக மற்ற அங்கீகரிக்கப்பட்ட ஆட்டங்களுக்கு, சர்வதேச ஆட்டம் உள்பட, 500 ரூபாய் வரை ஜிஎஸ்டியே கிடையாது. 500-ஐத் தாண்டினால்தான் 18 சதவீதம். அரசே போட்டு வைத்திருக்கும் கோடு அது. கேலரியை அந்தக் கோட்டுக்குக் கீழே வையுங்கள். ரஞ்சி ஆட்டத்துக்குக் கதவைத் திறந்து விட்டுவிடுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து உட்காரட்டும்.

விலைக்கு உச்சவரம்பு வைத்தால் தொழில் படுத்துவிடும் என்பார்கள். இங்கிலாந்தில் ஃபுட்பால் பிரீமியர் லீக் வெளியூர் ரசிகர்களுக்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2016-இல் வைத்தார்கள், எந்தக் கிளப்பும் அதனால் மூடவில்லை. அதே வருடம் பிப்ரவரியில் லிவர்பூல் கிளப் தன் புது மெயின் ஸ்டாண்டில் 77 பவுண்டு டிக்கெட் போடப்போவதாக அறிவித்தது. அடுத்த ஆட்டத்தில் அணி 2-0 என்று முன்னால் இருக்கும்போதே, 77-ஆவது நிமிடத்தில் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. சில நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். எங்களால் அப்படி எழுந்து போக முடியாது. எட்டு நாள் கூலி கொடுத்துவிட்டு 77-ஆவது நிமிடத்தில் எழ மனம் வராது. அதுவும் ஒரு காரணம், முன்கூட்டியே எழுதுவதற்கு.

மற்றவை சின்ன விஷயங்கள். குழாயில் குடிநீர் வையுங்கள். கேலரிப் பக்கம் சாப்பாட்டுக் கடையை இங்கே குடும்பஶ்ரீக்கும் அங்கே மகளிர் குழுவுக்கும் கொடுங்கள், பொரி கடலை பொரி கடலை விலையில் கிடைக்கும். நூற்றுக்கு இருபது டிக்கெட்டாவது கவுன்டரில் கொடுங்கள். அப்புறம் பஸ். ராத்திரி ஆட்டம் முடியும்போது பதினொன்று ஆகிவிடும். உக்கடத்தில் எங்கள் கடைசி பஸ் அதற்கு எவ்வளவோ முன்னால் போய்விட்டிருக்கும். அங்கிருந்து வேலந்தாவளத்துக்கு ஆட்டோ பேசினால் டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு. ஆட்டம் இருக்கும் நாளில் பொள்ளாச்சிக்கு ஒன்று, வாளையாறுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று மூன்று பஸ்ஸை நிறுத்தி வைக்க இரண்டு போக்குவரத்துக் கழகங்களும் பேசி முடிவெடுக்க வேண்டும். தண்ணீர்ப் பங்கீட்டையே பல வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிற இரண்டு அரசுகள் இதைப் பேசுமா என்று மண்டியில் சிரித்தார்கள். நான் எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டாம் போகம் அறுத்ததும் எங்கள் வயலில் செவன்ஸ் தொடங்கும். வரைபடம் போடும் இன்ஜினீயர்கள் ஒரு நாள் சாயங்காலம் வந்தால் சந்தோஷம். பாலக்காட்டிலிருந்து வருபவர்கள் சித்தூர் வழியாக எங்கள் ஊருக்கு வரும் பஸ் ஏறினால் போதும், கோவைக்காரர்கள் உக்கடத்தில் ஏறிக்கொள்ளலாம். ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள், கேலரியில் நடுவரிசை அதற்குள் நிரம்பிவிடும். துண்டு போட்டு இடம் பிடித்து வைக்கிறேன். டிக்கெட் 60 ரூபாய், அதை மட்டும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு என் கையில் இருக்கிறது, ஓசியில் யாரையும் விட முடியாது.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கேலரிக்காரன்